டுமீலுக்கு மக்கள் ஆதரவு

பழைய வட ஆற்காடு முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் டுமீல் அண்ணனைப் போல ஒரு வேட்டைக்காரர் கிடைக்க மாட்டார். இதை நான் எந்தச் சபையில் வேண்டுமானாலும் வந்து சொல்லத் தயார். முறுக்கிய மீசை, காக்கி பேன்ட், இடுப்பில் தோட்டாப் பட்டை, தோளில் ஒற்றைக்குழல் துப்பாக்கி. அறுபதைத் தாண்டிய அந்த மனிதரின் கையால் இதுவரை ஒரு முயல்கூடச் செத்ததில்லை. முயலை விடுங்கள், வீட்டில் கொசுவர்த்தி ஏற்றுவதுகூட அவர் மனைவி காஞ்சனா அக்காதான். அந்த நேரம் பார்த்து இவர் வெளியே போய்விடுவார்.

அண்ணாமலையார் மலையடியில், செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டிய ஒரு சந்தில் அவர்கள் வீடு. மாடியில் நான் குடியிருந்தேன். அப்போது பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர். பின்கட்டில் வரிசையாக அறைகள் கட்டி, தியானம் செய்ய வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய ஆதார் அட்டையில் பத்திரமாக இருந்தது. வெளியே யாருக்கும் அது தெரியாது. ஆட்டோக்காரரிடம் "டுமீல் வீடு" என்று சொன்னால் நேராகக் கொண்டுவந்து வாசலில் இறக்குவார். தபால்காரரும் "டுமீல் சார், ரிஜிஸ்டர்!" என்றுதான் கூப்பிடுவார்.

பெயர் வந்த கதை இதுதான். வேட்டை நம் நாட்டில் எப்போதோ குற்றமாகிவிட்டது. அவரிடம் இருந்தது பயிரைக் காப்பதற்கான லைசென்ஸ். மலை சுற்றும் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை கிராமத்தில் கொஞ்சம் நிலம் வைத்து மல்லாட்டை போட்டுக்கொண்டிருந்தார். மற்றவர்கள் நிலக்கடலை என்பதைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். காட்டுப்பன்றிக்கு மல்லாட்டை என்றால் உயிர். பன்றி வந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்து விரட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான் அனுமதி. ஆனால் ஒரு தோட்டா செலவானாலும் எப்போது, எங்கே, எதற்கு என்று ஆபீசில் பதில் சொல்ல வேண்டும். டுமீல் அண்ணனுக்குப் பன்றியிடம் பயமில்லை, ஆபீஸ் என்றால் பயம். அதனால் தோட்டாவைப் பட்டையிலேயே விட்டுவிட்டு, துப்பாக்கியைத் தோளில் வைத்து, ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்து, வாயால் "டுமீல்!" என்று கத்துவார். சாதாரணக் கத்தல் இல்லை, அடிவயிற்றிலிருந்து கிளம்பி வரும். ஒரு நாள் அவர் கொல்லையில் பயிற்சி எடுத்தபோது, மாடியில் என் கையிலிருந்த கரண்டி அடுப்புக்குப் பின்னால் போய் விழுந்தது. சாம்பாரை அன்று கிண்ணத்தால் மொண்டு ஊற்றிக்கொண்டேன்.

அவருடைய தாத்தா ஜமீன்தார்களை ஷிகாருக்கு, அதாவது காட்டு வேட்டைக்கு, கூட்டிப்போனவர். அப்பா முயல் அடித்தால் தெரு முழுக்கக் கறி போகும், தெரு முழுக்கச் சலாம் வரும். இவர் தலையெடுத்த நேரம் கறியும் நின்றது, சலாமும் நின்றது. ஆனால் மீசை மட்டும் பரம்பரைச் சொத்தாக வந்து சேர்ந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் அவருடைய வாழ்நாள் பிரச்சினை.

காலையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, டெபாசிட் இழந்த வேட்பாளர் போலப் பெருமூச்சு விடுவார்.

"வேட்டைக்கு மக்கள் ஆதரவு கம்மியாயிட்டே வருது டீச்சர். எதிர்காலம் இன்னா ஆவும்னே தெர்ல."

"நீங்கதான் எதையும் வேட்டையாடறதே இல்லையேண்ணா?"

"அது வேற. ஆதரவு வேற."

"எப்படிண்ணா வேற?"

"நான் வேட்டையாடாம இருக்கறது என் இஷ்டம். ஜனங்க வேணாம்னு சொல்றது அவமானம்."

கணக்கு டீச்சரான எனக்கு இந்தக் கணக்குக் கடைசிவரை புரியவில்லை. ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. ஆதரவு திரட்டுவதற்காக வாட்ஸ்அப்பில் 'வீர வேட்டைக் குழு' என்று ஒன்றை ஆரம்பித்து, தன் போனில் இருந்த எல்லா எண்களையும் அதில் சேர்த்துவிட்டார். பால்காரர், பல் டாக்டர், கேஸ் சிலிண்டர் போடுபவர், அர்ச்சனைக்குச் சொல்லிவைக்கும் குருக்கள், நான், எல்லோரும் வேட்டைக்காரர்கள் ஆனோம். முதலில் குருக்கள் வெளியேறினார். அப்புறம் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டோம். கடைசியில் மிஞ்சியது அவரும், அடி அண்ணாமலையில் அவருக்குப் பக்கத்து நிலத்துக்காரரான ஏழுமலையும்தான். இவருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார் என்பதால் எனக்கும் கேட்டது.

"ஏழுமல, எல்லாரும் போனாலும் நீ ஒருத்தன் நிக்கற பாரு. நீதான்டா தோழன்!"

"அதுல இருந்து எப்பிடி வெளிய வர்றதுன்னு தெர்லண்ணா. எம்பையன் பெங்களூர்ல இருந்து வரட்டும், கேட்டுக்கறேன்."

வெளியே இந்த நிலைமை என்றால், வீட்டுக்குள் இன்னும் மோசம். கூடத்துச் சுவரில் தாத்தா காலத்து மான் தலை ஒன்று மாட்டியிருந்தது. முறையாகப் பதிவு செய்து வைத்திருந்த தலைதான். ஆனாலும் தியானத்துக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் பையை இறக்காமலே திரும்பிப் போனார்கள். எறும்பு ஊர்ந்தால்கூட ஒதுங்கி வழிவிடும் ஜனங்கள் அவர்கள். காஞ்சனா அக்கா, "அத்த எடுத்துப் பரண்ல போடுங்க, ரூமெல்லாம் ஈ ஓட்டுது" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். இவர் மசியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஹெல்கா என்ற ஜெர்மன்காரப் பெண்மணி தங்க வந்தார். மௌன விரதம். எது கேட்டாலும் கழுத்தில் தொங்கும் சிலேட்டில் எழுதிக் காட்டுவார். மான் தலையைப் பார்த்ததும் 'ஏன்?' என்று எழுதினார். டுமீல் அண்ணனுக்கு இப்படி ஒரு வாய்ப்புக்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தது போல உற்சாகம். தாத்தா, ஜமீன், ஷிகார், வீரம், பரம்பரை என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டுமில்லாத ஒரு மொழியிலும் விளக்கினார். ஹெல்கா பொறுமையாகக் கேட்டார். பிறகு 'ஏன்?' என்பதை அழிக்காமல் அப்படியே மறுபடி தூக்கிக் காட்டினார். இவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அவர் மறுபடி சிலேட்டைக் காட்டினார். மூன்றாவது சுற்றில் இவருக்கு வியர்த்துவிட்டது. ஹெல்கா சிலேட்டைத் துடைத்து ஒரு படம் போட்டார். ஒரு வீட்டுக் கூடம். சோபாவில் அப்பா மான், அம்மா மான், குட்டி மான் உட்கார்ந்து காபி குடிக்கின்றன. மேலே சுவரில் மீசையோடு டுமீல் அண்ணனின் தலை.

உலகத்தில் வாயே திறக்காத ஒருவரிடம் வாக்குவாதத்தில் தோற்ற ஒரே மனிதர் இவராகத்தான் இருப்பார். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலையில் தானே ஸ்டூல் போட்டு ஏறி, மான் தலைமேல் ஒரு மஞ்சள் துண்டைப் போர்த்திவிட்டார். முகம் மறைந்து கொம்பு மட்டும் தெரிந்தது. அடுத்து வந்தவர்கள் அது ஏதோ நம் ஊர்ச் சாமி என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒரு பிரெஞ்சுக்காரர் சாஷ்டாங்கமாக விழுந்தார். காஞ்சனா அக்கா கெட்டிக்காரர். ஒன்றும் பேசாமல் கீழே ஒரு அகல்விளக்கை ஏற்றி வைத்தார். அந்த மாதத்திலிருந்து அறைகள் காலியாகவே இருந்ததில்லை.

இனி துப்பாக்கி விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் முக்கியம். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் திருப்பித் தருவார்கள். நம் நாட்டில் தேர்தலுக்குப் பஞ்சமா? பாராளுமன்றம், சட்டமன்றம், ஊராட்சி, நடுவே யாராவது போய்விட்டால் இடைத்தேர்தல். அந்தத் துப்பாக்கி வீட்டில் இருந்த நாளைவிட ஸ்டேஷனில் இருந்த நாள்தான் ஜாஸ்தி.

ஒப்படைத்துவிட்டு வந்தாலும் இவருக்கு இருப்புக் கொள்ளாது. எண்ணெய் பாட்டிலும் பழைய பனியன் துணியும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவார். ஒரு தடவை அவருடைய மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து மார்க்கெட் போன நானும் அங்கே நிற்க வேண்டியதாயிற்று. ஸ்டேஷன் ரைட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யோவ் டுமீல், முந்தா நேத்துதானய்யா வந்து தொடச்சிட்டுப் போன?"

"மழ வருதுங்க சார். ஈரம் ஆவாது அதுக்கு."

"இது ஸ்டேஷன்யா. ஹாஸ்டல் இல்ல. பொண்ண ஹாஸ்டல்ல சேத்தவன் மாதிரி வந்து வந்து நிக்கற."

"ஒரு ரெண்டு நிமிஷம் சார். ஜன்னல்லருந்து பாத்துட்டுப் போயிடறேன்."

ரைட்டர் முணுமுணுத்துக்கொண்டே ஜன்னலைத் திறந்துவிட்டார். வாசலில் போகும்போது, "டீ குடிச்சிட்டுப் போய்யா" என்றும் சொன்னார். ஸ்டேஷனுக்குச் சந்தோஷமாகப் போய் டீ குடித்துவிட்டு வரும் ஒரே குடிமகன் இவர்தான்.

போன தேர்தல் முடிந்ததும் வந்தது பேஜார். லைசென்ஸ் காலாவதி ஆகியிருந்தது. புதுப்பித்தால்தான் துப்பாக்கி வெளியே வரும். அதற்கு வேங்கிக்காலில் இருக்கும் கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டும்.

"படிச்சவங்க ஒருத்தர் கூட இருந்தா தெம்பு டீச்சர்" என்று என்னையும் கிளப்பினார். மீசைக்கு எண்ணெய் போட்டு, வெள்ளைச் சட்டை போட்டு, பெண் பார்க்கப் போகிறவர் போலக் கிளம்பினார்.

அங்கே இருந்த அதிகாரி சின்ன வயதுப் பெண். ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"நிலத்துக்குப் பன்றி வருதா சார்?"

"வருது மேடம்."

"கடைசியா வந்தப்ப சுட்டீங்களா?"

"இல்லிங்க மேடம்."

"அப்புறம் எப்படிப் போச்சு?"

இந்த இடத்தில் ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் ஆபீஸ் பயத்தில் அவருக்கு உண்மை தவிர வேறு எதுவும் வாயில் வராது.

"கத்துனேன் மேடம்."

"கத்துனா போயிடுதா?"

"போயிடும் மேடம்."

"அப்போ துப்பாக்கி எதுக்கு சார்?"

டுமீல் அண்ணன் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"கையில துப்பாக்கி இருந்தாதான் மேடம் கத்த வரும்."

அதிகாரி பேனாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. பிறகு கனிவாகவே சொன்னார். அக்கம்பக்கத்து விவசாயிகள் சிலரை அழைத்து வாருங்கள், இந்தத் துப்பாக்கி எங்களுக்குத் தேவை என்று அவர்கள் வாயால் சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம்.

திரும்பி வரும் வழியில் மொபெட்டை ஓரம் கட்டி நிறுத்தினார். கிண்டலாக ஏதாவது சொல்லலாம் என்று நான் வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

"எங்கப்பா தெருவுல நடந்தா அத்தினி ஊட்லயும் எழுந்து நிப்பாங்க டீச்சர். எனக்கு அதெல்லாம் வேணாம். ஒருத்தனாச்சும் 'டுமீல் எங்களுக்கு வேணும்'னு ஆபீசர் முன்னால சொன்னா போதும். சொல்லுவாங்க இல்ல?"

"சொல்லுவாங்கண்ணா" என்றேன். எனக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் வேறென்ன சொல்வது, எனக்கே பாவமாக இருந்தது.

அந்த வாரமே ஓட்டுக் கேட்கிறவர் மாதிரி அடி அண்ணாமலை முழுக்க இறங்கினார். முதலில் ஏழுமலை. அவருடைய நிலத்தைச் சுற்றிலும் கலர் கலராகப் பழைய புடவைகள் கட்டியிருந்தன. வரப்போரம் முழுக்கச் சலூனிலிருந்து அள்ளிவந்த தலைமுடி தூவியிருந்தது. பன்றிக்கு முடி வாசனை ஆகாதாம், புடவை காற்றில் ஆடினால் மிரளுமாம்.

"இன்னாடா இது, துணிக்கட கணக்கா?"

"செலவில்லாத வேலண்ணா. அதுக்கு எதுக்குத் துப்பாக்கி? என் மருமவ கேட்டா திட்டுவா. மயில் கத்துனாலே போன்ல படம் புடிச்சி ஊருக்கே அனுப்புது அது."

"நம்ம குரூப்புல நீ ஒருத்தன்தானடா மிச்சம்?"

"அதான் சொன்னனேண்ணா, பையன் வரட்டும்னு."

அடுத்தது ராணியக்கா. கிரிவலப் பாதையில் சுக்குக் காபிக் கடை. கடைக்குப் பின்னாலேயே அவருடைய மல்லாட்டை நிலம். பேச்சில் யாருக்கும் பயப்படாத மனுஷி.

"எண்ணா, பௌர்ணமிக்கு எங்கடை முன்னால எத்தினி ஜனம் போவுது தெரியுமா? நீ பாட்டுக்கு வெடிச்சா அம்புட்டும் ஓடிடும். பன்னி தின்னா கொஞ்சம் மல்லாட்ட போவும். ஜனம் ஓடுனா யாவாரமே போவும். உனக்கு சுக்குக் காபி வேணுமா, இல்ல நடையக் கட்றியா?"

காபியைக் குடித்துவிட்டு நடையைக் கட்டினார். மற்றவர்களும் இதே பாட்டுதான். ஒருவர் துப்பாக்கி எடுப்பதே பாவம் என்றார், ஒருவர் மலை சுற்றும் பாதையில் உயிர்க்கொலைப் பேச்சே எடுக்காதே என்று காதைப் பொத்திக்கொண்டார். அவரே அடுத்த பேச்சில், நேற்று ராத்திரி பாதி நிலத்தைப் பன்றி உழுதுவிட்டது என்று அழுதார். அப்படியென்றால் என்னதான் செய்வது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

டுமீல் அண்ணன் ஒரு முடிவுக்கு வந்தார். பேசிப் பிரயோஜனமில்லை, செய்து காட்ட வேண்டும். வருகிற பௌர்ணமியன்று பொழுது சாயும்போது எல்லோரும் ராணியக்கா நிலத்துக்கு வாருங்கள், பன்றியை எப்படி விரட்டுகிறேன் என்று கண்ணால் பாருங்கள் என்று அழைப்பு விட்டார். துப்பாக்கிதான் ஸ்டேஷனில் இருக்கிறதே என்று நான் ஞாபகப்படுத்தினேன். அதனால் என்ன என்று ஒரு மண்வெட்டிக் காம்பைக் கழற்றி எடுத்துக்கொண்டார்.

வேடிக்கை என்றால் விடுவோமா? ஏழுமலை, ராணியக்கா, அக்கம்பக்கத்துக்காரர்கள் என்று ஒரு கூட்டமே வரப்பில் குந்தியிருந்தது. காஞ்சனா அக்கா முறுக்குப் பொட்டலத்தோடு வந்திருந்தார். நான் பாதுகாப்பாக ஒரு வேப்பமரத்தை ஒட்டி நின்றேன். அந்தப் பக்கம் கிரிவலப் பாதையில் ஜனம் சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் நிலத்தில், சொல்லிவைத்தது போல, புதரிலிருந்து ஒரு பெரிய பன்றி வெளியே வந்தது. பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் குட்டிகள். குடும்பத்தோடு விருந்துக்கு வந்த மாதிரி நிதானமாகச் செடியைப் பிடுங்க ஆரம்பித்தன.

டுமீல் அண்ணன் மண்வெட்டிக் காம்பைத் தோளில் வைத்தார். ஒரு கண்ணை மூடினார்.

"டுமீ..."

கூட்டத்தைப் பார்த்த கூச்சமோ, கையில் இருந்தது வெறும் காம்பு என்பதாலோ, பாதியில் குரல் உடைந்துவிட்டது. பன்றி தலையைத் தூக்கிப் பார்த்தது. மல்லாட்டையை மென்றுகொண்டே பார்த்தது. பிறகு மறுபடி குனிந்து வேலையைத் தொடர்ந்தது.

வரப்பில் யாரோ களுக் என்று சிரித்தார்கள். டுமீல் அண்ணனின் காது சிவந்ததை நான் அந்த மங்கலிலும் பார்த்தேன். இந்த மனிதர் இன்று இங்கே தோற்றால் இனி மீசையை முறுக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டார். மூச்சை இழுத்தார். இழுத்தார், இன்னும் இழுத்தார்.

"டு... மீ... ல்!"

அப்படி ஒரு குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. வேப்பமரத்திலிருந்து காக்கைகள் கிளம்பின. அடுத்த நொடி, கிரிவலப் பாதையிலிருந்து அந்த ஜனக்கடல் மொத்தமும் ஒரே குரலில் பதில் கொடுத்தது.

"அண்ணாமலையாருக்கு அரோகரா!"

எங்கள் ஊர்ப் பழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிரிவலத்தில் எவனோ ஒருவன் எங்கிருந்தோ குரல் கொடுத்தால் போதும். அவன் யார், என்ன சொன்னான், எதற்குச் சொன்னான் என்றெல்லாம் யாரும் விசாரிக்க மாட்டார்கள். மொத்தக் கூட்டமும் அரோகரா போடும். போட்ட பிறகுதான் திரும்பிப் பார்க்கும். சில பேர் திரும்பியும் பார்க்க மாட்டார்கள்.

அந்தச் சத்தத்தில் பெரிய பன்றி துள்ளிய துள்ளலைப் பார்க்க வேண்டுமே! கண நேரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. பிறகு குட்டிகளை இழுத்துக்கொண்டு புதருக்குள் பாய்ந்தது. காலி. நிலத்தில் ஒரு வால்கூடத் தெரியவில்லை.

டுமீல் அண்ணன் காம்பைத் தோளில் இருந்து இறக்கவேயில்லை. முகமெல்லாம் பல்லாகத் திரும்பினார்.

"பாத்தீங்களா? மக்கள் ஆதரவு இல்லன்னு எவன்டா சொன்னான்?"

நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னொரு டுமீல் போட்டார். இன்னொரு அரோகரா வந்தது. ஏழுமலை வரப்பில் உருண்டு உருண்டு சிரித்தார். காஞ்சனா அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததால் வந்த கண்ணீர் என்றுதான் அவர் சொன்னார். ராணியக்கா மட்டும் சிரிக்காமல் புதரையும் பாதையையும் மாறி மாறிப் பார்த்து எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் ராணியக்கா, ஏழுமலை, இன்னும் சில பேர் ஒரு ஷேர் ஆட்டோவில் வேங்கிக்கால் ஆபீசுக்கு வந்து இறங்கினார்கள். டுமீல் அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அதிகாரி எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

"சொல்லுங்க. இவருக்கு லைசென்ஸ் புதுப்பிக்கலாமா? தேவைதானா?"

ராணியக்கா எழுந்து நின்றார். "வேணும் மேடம். கண்டிப்பா வேணும்."

டுமீல் அண்ணனின் மீசை இரண்டு பக்கமும் மேலே ஏறியது.

"இவரு வேணும் மேடம்" என்றார் ராணியக்கா. "துப்பாக்கி வேணாம்."

மீசை அப்படியே நின்றது. ஏழுமலை நிலைமையைச் சரிசெய்வதாக நினைத்துக்கொண்டு எழுந்தார்.

"துப்பாக்கி வெடிச்சா ஜனம் பயந்துடும் மேடம். இவரு கத்துனா ஜனமும் சேந்து கத்துது. பன்னி பறக்குது. அதனால ஆள மட்டும் குடுத்துடுங்க."

அதிகாரி இந்த முறை சிரிப்பை அடக்கவில்லை. "ஆளுக்கெல்லாம் லைசென்ஸ் கிடையாதுங்களே."

"தேவையில்லியா?" என்றார் ராணியக்கா. "அப்ப சரி. நாங்களே கூட்டிட்டுப் போறோம்."

டுமீல் அண்ணன் கேட்டது அதுதானே? டுமீல் எங்களுக்கு வேணும் என்று ஆபீசர் முன்னால் ஒருவராவது சொல்ல வேண்டும் என்றார். ஒரு ஷேர் ஆட்டோ நிறைய ஆட்கள் வந்து சொன்னார்கள். ஆனாலும் மனிதர் இடிந்துபோனார். ஸ்டேஷனுக்குப் போய்த் துப்பாக்கியை நிரந்தரமாக ஒப்படைத்துவிட்டதாகக் கையெழுத்துப் போட்டார். கடைசியாக ஒரு தடவை எண்ணெய் போட்டுத் துடைத்தார்.

"இனிமே எலெக்‌ஷன் வந்தா எனக்கு ஒரு வேலையும் இல்ல சார்" என்றார்.

ரைட்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே, "நீ சும்மாவே வந்துட்டுப் போய்யா. டீ இருக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்தவர் யாரிடமும் பேசவில்லை. பேப்பரைப் பிரிக்கவில்லை. மீசை தொங்கியது. காஞ்சனா அக்கா பிடித்ததையெல்லாம் சமைத்துப் பார்த்தார், நடக்கவில்லை. வீட்டில் இதில் சந்தோஷப்பட்டவர் பின்கட்டில் இன்னும் தங்கியிருந்த ஹெல்கா ஒருவர்தான். இவரும் மௌன விரதம் எடுத்துவிட்டார் என்று நினைத்து, தன்னிடம் கூடுதலாக இருந்த ஒரு சிலேட்டைக் கொண்டுவந்து பயபக்தியோடு கொடுத்துவிட்டுப் போனார். இவர் அதை மடியில் வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படிச் சில நாள் போனது. ஒரு சாயங்காலம் அவருடைய போன் அடித்தது. வழக்கம்போல ஸ்பீக்கரில் ஏழுமலையின் குரல்.

"எண்ணா! பொடவ, முடி ஒண்ணியும் வேலைக்காவல. கும்பலா வந்து எறங்கிடுச்சி. ஓடியாண்ணா!"

டுமீல் அண்ணன் சிலேட்டைத் தூக்கி என் கையில் கொடுத்தார். செருப்பைக்கூட மாட்டவில்லை. மொபெட் கிளம்பிச் சந்து முனை திரும்பிய பிறகுதான் காஞ்சனா அக்கா, "மண்வெட்டிக் காம்ப மறந்துட்டாரே!" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார். அன்று காம்பும் இல்லாமல்தான் கத்தியிருக்கிறார். வெறும் கையோடு. பன்றி ஓடிவிட்டது என்று ராணியக்காதான் அப்புறம் சொன்னார்.

இப்போது நான் சென்னைப் பக்கம் மாறி வந்துவிட்டேன். அந்த வாட்ஸ்அப் குழுவுக்கு 'பன்றிக் காவல்' என்று பெயர் மாற்றி, அடி அண்ணாமலை முழுவதும் சேர்ந்திருக்கிறார்கள் என்று காஞ்சனா அக்கா போனில் சொன்னார். ஏழுமலையின் பையன் பெங்களூரிலிருந்து வந்து வெளியேறும் வழியைச் சொல்லிக் கொடுத்துவிட்டானாம். ஏழுமலை வெளியேறவில்லையாம். இப்போதெல்லாம் பௌர்ணமி என்று இல்லாமல் எல்லா நாளும் யாராவது மலையைச் சுற்றிக்கொண்டே இருப்பதால் ஆதரவுக்கும் குறைவில்லையாம்.

முடிந்த பௌர்ணமிகளில் நானும் போய்ச் சுற்றிவிட்டு வருகிறேன். அடி அண்ணாமலை நெருங்க நெருங்க என் நடை தானாகவே மெதுவாகும். ராணியக்காவிடம் ஒரு சுக்குக் காபி வாங்கிக்கொண்டு, வேண்டுமென்றே ஆறவைத்துக் குடிப்பேன். எப்படியும் கொஞ்ச நேரத்தில் இருட்டுகிற நிலத்துப் பக்கமிருந்து அந்தக் குரல் வரும். மொத்தக் கூட்டமும் அரோகரா போடும். அதில் தொண்டை கிழிய ஒலிப்பது என்னுடையதுதான். அந்த ஒரு அரோகரா மட்டும் அண்ணாமலையாருக்கு இல்லை. அது அவருக்கும் தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டார்.